எடைக்குப் போட வாங்கவில்லை

பொருள்: பழைய சர்வரின் புராசசர்களைச் சேதப்படுத்தி அனுப்பியது

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். இன்டெலின் பென்டியம் புரோ புராசசர் சிப்கள் நான்கு பொருத்திய பழைய சர்வர் ஒன்றைப் போன மாதம் உங்களிடம் வாங்கினேன். "சிப்களைக் கழற்ற வேண்டாம், நானே கழற்றிக்கொள்கிறேன்" என்று ஆர்டரிலேயே எழுதியிருந்தேன். சரி என்று பதிலும் வந்தது.

வந்து சேர்ந்தது சர்வர் அல்ல, ஒரு சின்ன அட்டைப்பெட்டி. உள்ளே சாதாரண பாலித்தீன் பையில் நான்கு சிப்களும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு கிடந்தன. பார்சல் எடையைக் குறைக்கத்தான் கழற்றினோம் என்று போனில் சொன்னார்கள்.

கழற்றியது எப்படி? சிப் உட்காரும் இடமான சாக்கெட் 8-இன் பக்கவாட்டில் ஒரு லீவர் இருக்கும். ஹீட்சிங்க் கிளிப்பை எடுத்துவிட்டு அந்த லீவரைத் தூக்கினால் சிப்பின் அடியில் ஊசி போல நீட்டியிருக்கும் பின்களின் பிடி விட்டுவிடும், சிப் விரலோடு வந்துவிடும். உங்கள் ஆள் லீவரைத் தொடாமலே ஸ்க்ரூ டிரைவரால் நெம்பியிருக்கிறார். பீங்கான் ஓரங்களில் அந்தக் கீறல் தெளிவாகத் தெரிகிறது. இரண்டு சிப்களில் மூலை பெயர்ந்துவிட்டது. மூன்றாவதில் 11 பின்கள் வளைந்திருக்கின்றன, ஒன்று அடியோடு ஒடிந்துவிட்டது. இந்தச் சிப்பில் மொத்தம் 387 பின்கள். ஒரு பக்கம் சீரான கட்டமாக இருக்கும், மறுபக்கம் இடைவெளிகளிலும் பின் வைத்து நெருக்கியிருப்பார்கள். வளைந்தவை எல்லாம் அந்த நெருக்கமான பக்கத்தில். நிமிர்த்தப் போனால் பக்கத்துப் பின்னும் சேர்ந்து வளையும். நான்காவது சிப் மட்டும் முழுசாக இருக்கிறது. அதற்குள் லீவர் அவர் கண்ணில் பட்டிருக்கும் போல.

இதைவிட எரிச்சல் உங்கள் இழப்பீட்டுக் கணக்கு. சேதமான மூன்றையும் எடை போட்டு, பழைய சிப்களுக்கான தங்க விலையில் தருகிறீர்களாம். 1995-இல் வந்த இந்த வகைச் சிப்பில் தங்க முலாம் தாராளம்தான். அதற்காகவே பலர் இதை உருக்கிவிடுகிறார்கள், அதனால்தான் நல்ல நிலையில் நான்கு ஒரே இடத்தில் கிடைப்பது அரிது. கூடுதல் இணைப்புச் சிப் எதுவும் இல்லாமல் நான்கு புராசசர்கள் ஒரே பஸ்ஸில், அதாவது தரவு போகும் ஒரே பொதுப் பாதையில், சேர்ந்து ஓடும் என்பதுதான் இதன் பெருமையே. ஒரே வேகம், ஒரே அளவு கேஷ் நினைவகம், இத்தனை வருஷம் ஒரே போர்டில் ஓடிய நான்கு. அந்தச் செட்டைப் பிரிக்காமல் என் சேகரிப்பில் வைக்கத்தான் வாங்கினேன். தராசில் வைக்க அல்ல.

மூன்று சிப்களுக்கும் விற்பனை விலைக் கணக்கிலேயே பணத்தைத் திருப்பித் தாருங்கள். அப்புறம், மதர்போர்டு, மின்னழுத்த மாட்யூல்கள், ஹீட்சிங்க்குகள் எல்லாம் இன்னும் உங்கள் கிடங்கில்தான் இருக்கின்றன என்று போனில் பேசியவர் சொன்னார். அவற்றுக்கும் நான் பணம் கட்டியிருக்கிறேன். தயவுசெய்து நொறுக்கிவிடாமல், இருக்கிற நிலையிலேயே நிலைமின்சாரம் தாக்காத ஆன்டிஸ்டாட்டிக் பையில் போட்டு அனுப்புங்கள். பார்சல் செலவை நீங்கள்தான் ஏற்க வேண்டும்.

சேதத்தின் புகைப்படங்களையும் உங்கள் பழைய பதிலையும் இணைத்திருக்கிறேன். ஏழு நாளுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் நுகர்வோர் குறைதீர் அமைப்பில் புகார் கொடுப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்