இரண்டு பெயர் எழுதிய காணி உறுதி

முள்ளியவளை

அன்பு நண்பருக்கு,

உமது கடிதம் கிடைத்தது. காலபோக அறுவடை முடிந்து நெல்லைக் காயவைத்து மூட்டை கட்டும் வேலையில் இருந்தமையால் பதில் பிந்திவிட்டது, பொறுத்துக்கொள்ளும்.

ரொறன்ரோவில் நீரும் மனைவியும் கூட்டாக வாங்கிய வீடு ஒருவர் கண்மூடினால் மற்றவருக்கு முழுமையாகச் சேரும் என்றும், அதேபோல அப்பாவின் வயலை உமது பெயரிலும் தம்பியின் பெயரிலும் எழுதிவிட்டால் பிற்காலத்தில் சிக்கல் இராதுதானே என்றும் கேட்டிருந்தீர். இராது என்று எழுத எனக்குத் துணிவில்லை. இங்கே காணி இருவர் பெயரில் இருந்தால் ஒவ்வொருவருக்கும் பிரிபடாத பங்கொன்று உண்டு. ஒருவர் இறந்ததும் அது மற்றப் பங்காளரிடம் போகாமல் இறந்தவரின் உரித்தாளருக்கே இறங்கும். ஆகவே நீங்கள் இருவரும் போனபின், ஒருவரையொருவர் முகம் பார்த்திராத உங்கள் பிள்ளைகள் அந்த வயலில் பங்காளராவார்கள்.

எங்கள் வீட்டுக் கதையையே கேளும். பாட்டனாரின் 6 ஏக்கர் வயல் மூன்று ஆண்மக்களுக்கு இறங்கியது. பெரியப்பாவின் பங்கு அவருடைய நான்கு பிள்ளைகளுக்குப் பன்னிரண்டில் ஒன்றாகச் சிதறியது: கணக்கில் அரை ஏக்கர், ஆனால் எந்த வரம்புக்குள் என்று எவருக்கும் தெரியாது. நால்வரில் ஒருவர் 2009இல் காணாமற்போனவர். இறந்தார் என்று பதியப் பெரியம்மா சம்மதிக்கவில்லை. கேட்க எமக்கும் வாய் வரவில்லை. 2016இல் வந்த சட்டத் திருத்தத்தின்படி காணாமற்போனமைச் சான்றிதழ் பெற்றிருக்கிறார். அது இறப்புச் சான்றிதழ் அன்று. ஆதலால் அந்த அரை ஏக்கர் இன்னும் காணாமற்போனவரின் பெயரிலேயே நிற்கிறது.

1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பிரிவிடற் சட்டத்தின்படி எந்தப் பங்காளரும் வழக்கிட்டுத் தம் பங்கைப் பிரித்துக் கேட்கலாம். ஆனால் பங்காளர் அனைவரையும் வழக்கில் சேர்க்கவேண்டும்; அவர்களில் பாதிப்பேர் எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்றே எமக்குத் தெரியாது. பொதுக்காணியில் ஒரு நன்மையும் உண்டு என்பதை மறைக்கமாட்டேன்: எங்கள் வடபகுதித் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையின் முன்கொள்வனவு உரிமைப்படி, ஒருவர் தம் பங்கை வெளியாருக்கு விற்குமுன் மற்றப் பங்காளருக்கு அறிவிக்கவேண்டும்.

இன்னொன்று. 'எனது வயல்' என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர். அப்பா அதைக் கலியாணத்துக்குப் பின் விலைக்கு வாங்கியவர் என்றால், தேசவழமைப்படி அது தேடியதேட்டம். மரணசாதனம், அதாவது உயில், எழுதாமல் அவர் இறந்தபோதே பாதி அம்மாவுக்குப் போய்விட்டது, மற்றப் பாதிதான் பிள்ளைகளுக்கு. அம்மாவின் கையெழுத்து இல்லாமல் நீங்கள் இருவரும் எழுதும் உறுதி அரை உறுதிதான். அவ இருக்கும்போதே நில அளவையாளரைக் கொண்டு துண்டு பிரித்து, எல்லோரும் ஒப்பமிட்டுப் பாகப்பிரிவினை உறுதி முடிப்பதே என் அபிப்பிராயம்.

உமது அப்பாவின் முத்தையன்கட்டுக் காணியை இதனுடன் குழப்பவேண்டாம். அது 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரச அனுமதிப்பத்திரத்தில் வந்த பேமிற் காணி. நினைத்தபடி துண்டாட முடியாது. அப்பா தமக்குப் பின் அதை ஏற்கும் பின்னுரித்தாளராக எவரையும் பதிந்திருந்தாரா என்று பிரதேச செயலகத்தில் விசாரித்து எழுதுகிறேன்.

வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்கு வருவதாக எழுதியிருந்தீர். வரும்போது வயல் உறுதியின் பிரதியையும் அப்பாவின் இறப்புச் சான்றிதழையும் மறவாமல் கொண்டுவாரும்.

அன்புடன்,
உமது பழைய வகுப்புத் தோழன்