பாரமான கதிரை எல்லாம் உறுதியான கதிரை அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

திருகோணமலையில் கோயில் திருவிழா, கலியாண வீடு, பாடசாலைக் கூட்டம் என எங்கு பார்த்தாலும் இப்போது பிளாஸ்ரிக் கதிரைகளே போடப்படுகின்றன. அவற்றை வாங்கச் செல்பவர்கள் கடை வாசலில் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து, கைக்குப் பாரமாக இருப்பதையே உறுதியானது என்று தெரிவு செய்கிறார்கள். உருகிய பிளாஸ்ரிக்கை அச்சுக்குள் அழுத்திச் செலுத்தி வார்க்கும் இன்ஜெக்ஷன் மோல்டிங் இயந்திரங்களில் நெடுங்காலம் வேலை செய்தவன் என்ற முறையில், இந்தக் கணிப்பு ஆபத்தானது என்பதை உங்கள் பத்திரிகை வாயிலாக எடுத்துக்கூற விரும்புகிறேன்.

இக்கதிரைகள் பொதுவாகப் பொலிப்புரொப்பிலீன் என்ற பிளாஸ்ரிக்கினால் வார்க்கப்படுபவை. கலப்பில்லாத பொலிப்புரொப்பிலீனின் அடர்த்தி ஒரு கன சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 0.9 கிராம், ஆகவே அது தண்ணீரில் மிதக்கும். செலவைக் குறைப்பதற்காக அதனுடன் சேர்க்கப்படும் சுண்ணாம்புக்கல் தூளின், அதாவது கல்சியம் காபனேற்றின் அடர்த்தியோ 2.7 கிராம். ஒரே அச்சில், ஒரே தடிப்பில் வார்க்கப்பட்ட இரண்டு கதிரைகளில் ஒன்று கூடுதல் பாரமாக இருந்தால், அதில் கூடியிருப்பது பிளாஸ்ரிக் அல்ல, கல்தூள்தான். நிறையில் ஏறத்தாழ 15 சதவீதம் தூள் சேர்ந்துவிட்டாலே அந்தக் கலவை தண்ணீரில் தாழத் தொடங்கிவிடும். உடைந்துபோன கதிரையின் துண்டொன்றை வாளித் தண்ணீரில் அமுக்கி, ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழிகளை விரலால் தட்டிவிட்டுப் பார்த்தால் எவருக்கும் இது விளங்கும். கடல்நீரின் அடர்த்தி சற்று அதிகம் என்பதால், இந்தச் சோதனைக்குக் கிணற்றுத் தண்ணீரே பொருத்தமானது.

பிளாஸ்ரிக்குடன் தூளோ நாரோ சேர்ப்பது எல்லாமே மோசடி என்று நான் சொல்லவில்லை. நைலோனுடன் 30 சதவீதம் கண்ணாடி நார் சேர்க்கும்போது, ஈரமற்ற நிலையில் அதன் இழுவை வலிமை, அதாவது இழுக்கும்போது அறாமல் தாங்கும் திறன், ஏறத்தாழ 80 மெகா பாஸ்காலிலிருந்து 180 வரை உயர்கிறது. நீளமான நார், தன்மேல் பூசப்பட்ட பதார்த்தத்தின் உதவியால் பிளாஸ்ரிக்கை இறுகப் பற்றிக்கொண்டு பாரத்தைத் தானும் தாங்குவதே அதற்குக் காரணம். சுண்ணாம்புத் தூளின் துணிக்கைகளுக்கு அந்த நீளமும் இல்லை, பிடிப்பும் இல்லை. நுண்மையாக அரைத்து, ஸ்ரியரிக் அமிலம் என்ற கொழுப்பமிலத்தைப் பூசி, நன்றாகக் கலந்து, அளவோடு சேர்த்தால் பொருள் சற்று விறைப்பாகும். பெரிய தீங்கு நேராது. பருமனான தூளை அளவுமீறிக் கொட்டினால், துணிக்கைகள் கட்டிபட்டு, ஒவ்வொரு கட்டியும் வெடிப்புத் தொடங்கும் இடமாகிவிடும். வாங்குபவர் ஏமாறுவது இங்கேதான்: கடையில் கையால் அழுத்தும்போது அந்த விறைப்பு உறுதியாகத் தோன்றும், ஆனால் ஒருவர் தொப்பென்று அமரும்போது வளைந்து எச்சரிக்காமல் கால் சட்டென்று முறிந்துவிடும்.

தூளுக்கு அடுத்ததாகக் கவனிக்க வேண்டியது வார்ப்புக் குறை. உருகிய பிளாஸ்ரிக் அச்சுக்குள் ஓடும்போது, கதிரையின் முதுகிலுள்ள துவாரங்களைச் சுற்றி இரண்டாகப் பிரிந்து மறுபுறம் மீண்டும் சந்திக்கிறது. சந்திக்கும் முனைகள் அதற்குள் ஆறிவிட்டால், அவை ஒன்றையொன்று தொட்டு நிற்குமே தவிர முழுமையாக ஒன்றாவதில்லை. மயிரிழை போலத் தெரியும் அந்த இணைவுக் கோட்டைப் பலர் வெறும் கீறல் என்று விட்டுவிடுகிறார்கள். கண்ணாடி நார் சேர்த்த பொருளில்கூட, நார்கள் கோட்டைக் குறுக்கே கடக்காமல் அதன் வழியே படுத்துவிடுவதால், அவ்விடத்தின் வலிமை பாதியாகவோ அதற்கும் கீழாகவோ இறங்கிவிடக்கூடும். உற்பத்தியை விரைவுபடுத்தவென அச்சை அளவுக்கு மீறிக் குளிரவைக்கும்போது இந்தக் குறை இன்னும் மோசமாகிறது. காலும் இருக்கையும் சேரும் தடித்த பகுதியில் அழுத்தம் போதாவிட்டால், வெளியே குழிவும் உள்ளே வெற்றிடமும் உண்டாகின்றன. தூளில் ஈரம் இருந்தால் மேற்பரப்பில் வெள்ளிக் கோடுகள் படியும்.

இவற்றோடு நமது வெயிலையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். புற ஊதாக் கதிர்த் தடுப்பி சேர்க்காத பொலிப்புரொப்பிலீன், உப்புவெளியிலோ நிலாவெளியிலோ முற்றத்தில் கிடந்தால் விரைவில் நொறுங்கும் தன்மை அடைந்துவிடும். ஏற்கெனவே பலமிழந்த இணைவுக் கோடே முதலில் வெடிக்கும். வெடித்த கதிரையைச் சூடான கம்பியால் உருக்கி ஒட்டுவதும், பசை பூசுவதும் நம்மிடையே வழக்கமாக உள்ளன. பொலிப்புரொப்பிலீனில் சாதாரணப் பசை பிடிப்பதில்லை. உருக்கிய இடமும் பழைய வலிமையைப் பெறுவதில்லை. அவ்வாறான கதிரையில் தயவுசெய்து முதியவர்களை இருத்தாதீர்கள்.

கோயில் நிருவாக சபைகளும் பாடசாலைகளும் மொத்தமாகக் கதிரை வாங்கும்போது, பொருளில் கல்தூள் போன்ற நிரப்பும் பொருள் எது, எவ்வளவு சேர்க்கப்பட்டுள்ளது என்றும், ஒரு கதிரை எத்தனை கிலோ தாங்கும் என்றும் எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் நான் வேண்டுவதும் இதுவே: தாங்கக்கூடிய பாரமும், வெளியில் வைத்துப் பயன்படுத்தலாமா என்ற விபரமும், அழிந்துபோகும் ஒட்டுத்தாளில் அல்லாமல் இருக்கையின் அடியில் அச்சோடு சேர்ந்தே பொறிக்கப்பட வேண்டும் எனப் பணிப்பு வழங்க வேண்டும். அச்சில் சில எழுத்துகளைச் செதுக்குவது உற்பத்தியாளருக்கு ஒருமுறை மட்டுமே ஏற்படும் சிறு செலவு.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மோல்டிங் தொழிலாளி,
உப்புவெளி, திருகோணமலை.