அறியாமை மட்டும் காரணமன்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

இணையத்தில் அறிமுகமானவருக்கு இளையர்கள் அந்தரங்கப் படங்களை அனுப்புவதற்கு அறியாமையே காரணம் என்று பலரும் கருதுகிறோம். ஆனால், உளவியல் ஆய்வாளர்களான கார்ட்னரும் ஸ்டைன்பெர்க்கும் 2005ல் வெளியிட்ட ஆய்வில், கணினி வாகன விளையாட்டைத் தனியே ஆடியபோது நிதானம் காட்டிய பதின்ம வயதினர், நண்பர்கள் உடனிருந்தபோது கூடுதல் ஆபத்தை ஏற்றனர். 24 வயதும் அதற்கு மேலும் ஆனோரிடம் அம்மாற்றம் காணப்படவில்லை. கைப்பேசியிலோ அந்த நண்பர் கூட்டம் நள்ளிரவிலும் கூடவே இருக்கிறது. முகம் பார்க்காத உரையாடலில் கூச்சமும் எளிதில் விலகிவிடுகிறது.

அப்படங்களை வெளியிடுவதாக மிரட்டல் வந்த பிறகும் நம் பிள்ளைகள் வாய் திறவாமல் பணம் அனுப்புவதற்கு, “நாலு பேர் என்ன சொல்வார்கள்” என்று வீட்டில் நாம் ஓயாமல் சொல்வதும் (இதை ஒப்புக்கொள்ளத்தான் நமக்கு மனம் வருவதில்லை) ஒரு காரணம் என்பேன். கைப்பேசியைப் பறிப்பதற்கு முன், பெற்றோர் பிள்ளையை அருகில் அமர்த்திக்கொண்டு சிங்கப்பூரின் 1799 மோசடித் தடுப்பு உதவி எண்ணையோ காவல்துறையையோ அழைக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஈசூன்