தேய்ப்பு அண்ணாச்சிக்கும் ஊராருக்கும்

ஊராருக்கும் சபையாருக்கும், எங்கள் வீட்டுப் படியேறி வந்த முகம் தெரியாத அத்தனை பேருக்கும் ஸ்தோத்திரமும் வணக்கமும்.

வீடு இன்னும் முழுதாகக் காயவில்லை. ஜன்னலுக்கு நாலு விரல் மேலே சுவரைச் சுற்றி ஒரு பழுப்புக் கோடு ஓடுகிறது. வெள்ளையடித்தாலும் கொஞ்ச நாளில் மேலே வந்துவிடும் என்கிறார் கொத்தனார். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வந்த வெள்ளத்தில் என்ன நடந்தது என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். தாமிரபரணிக் கரையில் இருக்கிற நமக்கு அந்தக் கணக்கு பிறகுதான் தெரிந்தது, தண்ணீர் முதலில் தெரிந்தது.

ஒவ்வொருவராக நன்றி சொல்ல ஆரம்பித்தால் யாராவது விட்டுப்போவார்கள். அதனால் மொத்தமாகச் சொல்லிவிடுகிறேன். அம்மாவை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து இடுப்பளவு தண்ணீரில் தூக்கிப்போன வாலிபர் சங்கத்துப் பிள்ளைகளுக்கு. மாடியில் எங்கள் 23 பேருக்கும் இடம் கொடுத்து, இருந்த அரிசியை அளந்து அளந்து மூன்று நாள் பொங்கிப் போட்ட அந்த வீட்டு அக்காவுக்கு. லாரியில் வள்ளத்தை ஏற்றிக்கொண்டு கடற்கரையிலிருந்து வந்த தம்பிமாருக்கு. பள்ளிவாசலிலிருந்து வந்த சாப்பாட்டுக்கும் அம்மன் கோயில் வாசலில் காய்ச்சிய கஞ்சிக்கும். அம்மாவின் பிரஷர் மாத்திரையை பாலிதீன் பையில் சுற்றி, நனையாமல் தலையில் வைத்துக்கொண்டு வந்த மெடிக்கல் கடைப் பையனுக்கு. வெளி மாவட்டங்களிலிருந்து வந்து மின்கம்பம் நட்டவர்களுக்கும் நம் தெருச் சாக்கடையை அள்ளியவர்களுக்கும். கிறிஸ்துமஸ் ஆராதனை முடிந்த கையோடு அங்கியைக் கழற்றி வைத்துவிட்டு எங்கள் வீட்டில் வந்து சகதி வாரிய நம் சபைப் போதகர் ஐயரவாளுக்கு. உங்கள் எல்லாரையும் கர்த்தர் ஆசீர்வதிப்பாராக. நாங்கள் மறக்க மாட்டோம்.

ஆனால் இந்த மடலை எழுத நான் உட்கார்ந்தது நமக்குத் துணி தேய்த்துக் கொடுக்கிற தேய்ப்பு அண்ணாச்சிக்காக.

அம்மாவிடம் ஒரு வேதாகமம் இருக்கிறது. 1961-ல் கல்யாணத்துக்குத் தாத்தா கொடுத்தது. அட்டையைத் திறந்ததும் இருக்கும் வெற்றுத்தாள்களில் எங்கள் குடும்பக் கணக்கு முழுவதும் இருக்கும். யார் எப்போது பிறந்தோம், எந்த ஆலயத்தில் ஞானஸ்நானம், யார் எப்போது கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள் என்று அப்பா எழுதிவைத்தது. தண்ணீர் ஏறின ராத்திரி நான் ரேஷன் கார்டை எடுத்தேன், பாஸ்புக்கை எடுத்தேன், மாத்திரை டப்பாவை எடுத்தேன். வேதாகமத்தை விட்டுவிட்டேன். 26 வருடம் ஞாயிறு பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்தவள் விட்டுவிட்டுப் போனது அதைத்தான்.

நாலாம் நாள் வீட்டுக்குத் திரும்பியபோது அது கட்டிலுக்கு அடியில் சகதியில் கிடந்தது. ஊறி இரண்டு மடங்கு பருமனாகியிருந்தது. ஒரு கையால் தூக்கினால் பிய்ந்து வந்துவிடும் போலிருந்தது. இரண்டு கையாலும் அள்ளி எடுத்து, ஒரு சுளகில் வைத்து, வாசலில் வெயில் பட வைத்தேன். அதற்குமேல் என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் அண்ணாச்சி வந்தார். முந்தின வாரம் தேய்க்கக் கொடுத்திருந்த அம்மாவின் வெள்ளைச் சேலையைத் திருப்பித் தர வந்தார். அவர் வீட்டுக்குள்ளும் தண்ணீர். தேய்ப்பு வண்டியை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. ஊராருடைய துணிகளை மட்டும் மூட்டையாகக் கட்டிப் பரணில் போட்டுக் காப்பாற்றியிருக்கிறார். தேய்ப்புப் பெட்டியையும் சிரட்டைக் கரி மூட்டையையும் அதோடு மேலே ஏற்றியிருக்கிறார். அவர்கள் வீட்டுப் பாயும் தலையணையும் தண்ணீரோடு போய்விட்டன.

சேலையை நீட்டியவர் சுளகைப் பார்த்தார். "இத வெயில்ல போடாதீங்க டீச்சர். தாளு முறுக்கிக்கிடும். அப்புறம் தொட்டா ஒடியும். எங்கிட்டக் கொடுங்க, பாத்துத் தாரேன்" என்றார்.

எனக்குக் கொடுக்க மனமில்லை. பத்து வருடமாக அவரிடம் துணி கொடுக்கிறேன். அவருக்கு எத்தனை பிள்ளைகள் என்றுகூட நான் கேட்டதில்லை. இதைப் போய் இவர் என்ன செய்துவிடப் போகிறார் என்று நினைத்தேன். அதை மறைக்க விரும்பவில்லை. அம்மாதான் உள்ளேயிருந்து, "கொடுத்துவிடு பிள்ளே" என்றார்கள். அண்ணாச்சி செருப்பைக் கழற்றிவிட்டு, தோளில் கிடந்த துண்டை விரித்து, அதில் வாங்கிக்கொண்டு போனார்.

டிசம்பர் 31 சாயங்காலம், வருடக் கடைசி ஆராதனைக்கு நாங்கள் கிளம்பிக்கொண்டிருந்தபோது திரும்ப வந்தார். கூடவே எட்டாம் வகுப்பு படிக்கிற மகளும் வந்திருந்தாள். புத்தகம் செங்கல் மாதிரி தடிமனாக, தாள்களில் சின்னச் சின்ன அலை ஓட, கரிப்புகை வாசத்தோடு இருந்தது. ஆனால் காய்ந்திருந்தது. ஒவ்வொரு தாளாகப் புரட்ட முடிந்தது.

எப்படிச் செய்தார்கள் என்று அந்தப் பிள்ளைதான் சொன்னாள். முதலில் பழைய வேட்டித் துணிகளை இடையிடையே வைத்து ஈரத்தை ஒற்றி எடுத்திருக்கிறார்கள். அப்புறம் தென்னை ஈர்க்கால் தாளைத் தாளாகப் பிரித்து, மேலே ஒரு மெல்லிய வெள்ளைத் துணியைப் போட்டு, பெட்டியை அழுத்தாமல் மேலாக ஓட்டியிருக்கிறார்கள். பெட்டி நிறையக் கரி போட்டால் இந்தத் தாள் தாங்காது, மூன்று நாலு கங்குதான் போட வேண்டுமாம். தெருவில் கரண்ட் வரவில்லை. பகலெல்லாம் அண்ணாச்சி வீட்டுச் சகதியை வாரிவிட்டு, ராத்திரி ராத்திரியாக மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் இந்த வேலை நடந்திருக்கிறது. அப்பா தேய்க்க, மகள் பக்க எண்ணைப் பார்த்து அடுக்கியிருக்கிறாள். பகலில் அதை எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேட்டேன். சாமி படம் இருக்கிற மாடத்தில் என்றாள். பரணை விட்டால் வீட்டில் நனையாமல் இருந்த இடம் அது ஒன்றுதான்.

இதைக் கேட்டு நம் சபையில் ஒன்றிரண்டு பேர் முகம் சுளித்தார்கள். அவர்கள் வேதாகமத்தில் 1 இராஜாக்கள் 17-ஐ ஒருமுறை திறந்து பார்க்கட்டும். பஞ்சத்தில் எலியா தீர்க்கதரிசியைப் போஷிக்கக் கர்த்தர் கட்டளையிட்டது சாறிபாத் ஊர் விதவைக்கு. அது சீதோன் தேசம், பாகால் என்ற வேறு தெய்வத்தை வணங்குகிற தேசம். இஸ்ரவேலில் எத்தனையோ விதவைகள் இருக்கும்போது அவளிடம் அனுப்பப்பட்டான் என்று இயேசு சொன்னபோது, கேட்டுக்கொண்டிருந்த ஜெப ஆலயத்தார் கோபப்பட்டார்கள்.

அண்ணாச்சி மன்னிப்புக் கேட்டது இரண்டு விஷயத்துக்கு. எண்ணாகமத்தில் ஒரு தாள் சூடு அதிகமாகி ஓரத்தில் கருகிவிட்டது. அப்புறம் எரேமியாவுக்குப் பின்னால் சில தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. "இழுத்தாக் கிழிஞ்சிரும் டீச்சர், அதான் விட்டுட்டேன்" என்றார். கூலி எவ்வளவு என்று கேட்டதற்குச் சேலைக்கு மட்டும் 15 ரூபாய் வாங்கிக்கொண்டார். நான் எவ்வளவு சொல்லியும் மேலே ஒரு ரூபாய் வாங்கவில்லை.

போகும்போதுதான் அந்தப் பிள்ளை முன்தாளைத் திறந்து கேட்டாள். "டீச்சர், மத்ததெல்லாம் கலைஞ்சு போச்சு. இந்த ஒரு பேரு மட்டும் அப்படியே இருக்கு. இது யாரு?"

பெயரை வாய்விட்டு வாசித்தாள்.

அது என் தம்பி. 1966-ல் பிறந்து ஒன்பது மாதத்தில் காய்ச்சலில் போய்விட்டான். அவனுக்குப் போட்டோ கிடையாது, வேறு எந்தக் காகிதமும் கிடையாது. அப்பா எங்கள் எல்லாருடைய பெயரையும் மையில் எழுதினார், அவன் வரியை மட்டும் பென்சிலில் எழுதிவிட்டார். அன்று வீட்டில் மை இல்லையோ, மையில் எழுத மனம் வரவில்லையோ, அவர் யாரிடமும் சொன்னதில்லை. அம்மாவுக்கு அது தீராத வருத்தம். "அழிஞ்சு போறதுக்கா பென்சில்ல எழுதினீங்க? எம் பிள்ளை என்ன கடைக் கணக்கா?" என்று அப்பா இருந்தவரை கேட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பா போன பிறகும் கேட்டார்கள். இப்போது மையில் எழுதினதெல்லாம் நீலக் கறையாகப் பரவிவிட்டது. என் பெயர் இல்லை, என் ஞானஸ்நானத் தேதி இல்லை, அப்பாவின் பெயரே இல்லை. பென்சில் வரி மட்டும் ஓர் எழுத்துக்கூடக் குறையாமல் இருக்கிறது.

84 வயது அம்மா அந்தப் பிள்ளையைப் பக்கத்தில் கூப்பிட்டு, "இன்னொரு தடவை வாசிம்மா" என்றார்கள். வாசித்தாள். இன்னொரு தடவை என்றார்கள். எங்கள் வீட்டைச் சேராத ஒருவர் வாயிலிருந்து அந்தப் பெயரை அம்மா கேட்டு 57 வருடம் ஆகியிருக்கும். அன்று நாங்கள் ஆராதனைக்குத் தாமதமாகத்தான் போனோம்.

பென்சில் கரி தண்ணீரில் கரையாது, பேனா மை கரையும், இதில் என்ன அதிசயம் என்று என் மகன் சொல்கிறான். சரிதான். நானும் பள்ளிக்கூடத்தில் அறிவியல் எடுத்தவள்தான். ஆனாலும் அப்பா தெரியாமல் செய்த ஒரு காரியம், அம்மா இத்தனை வருடம் குறையாகவே நினைத்த காரியம், அதன்மேல் ஒரு கை இருந்திருக்கிறது என்று நான் விசுவாசிக்கிறேன். தேவ பராமரிப்பு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த வார்த்தையை இப்போதுதான் தொட்டுப் பார்த்த மாதிரி இருக்கிறது.

அதற்காக, ஒரு பெயரைக் காட்டுவதற்குக் கர்த்தர் இந்த வெள்ளத்தை அனுப்பினார் என்று நான் சொல்ல மாட்டேன். நம் பக்கத்தில் உயிர்கள் போயிருக்கின்றன. குலை தள்ளின வாழை தோட்டம் தோட்டமாகச் சாய்ந்து கிடக்கிறது. அவர்கள் முன்னால் நின்று அப்படிப் பேச எனக்கு வாய் வராது. இது பாவத்துக்கு வந்த தண்டனை என்று சிலர் பேசினதும் காதில் விழுந்தது. சீலோவாமில் கோபுரம் விழுந்து செத்த 18 பேரும் மற்ற எல்லாரையும்விடக் குற்றவாளிகளா என்று கர்த்தர் கேட்டதை அவர்கள் லூக்கா 13-ல் படித்துக்கொள்ளட்டும்.

"சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது" என்ற வசனத்தை நான் எத்தனையோ துக்க வீடுகளில் சொல்லியிருக்கிறேன். சடலத்தை எடுக்கும் முன்பே சொல்லியிருக்கிறேன். டோனாவூரில் பிள்ளைகளை எடுத்து வளர்த்த மிஷனெரி ஏமி கார்மைக்கேல் அம்மா 1931-ல் விழுந்து அடிபட்டதையும், படுக்கையில் இருந்தபடியே புத்தகங்கள் எழுதினதையும் பிள்ளைகளுக்குச் சொல்லி, பார்த்தீர்களா, விழுந்ததும் நன்மையாயிற்று என்று முடிப்பேன். 1951-ல் இறக்கும்வரை ஏறக்குறைய 20 வருடம் அந்த அம்மா வலியோடு கிடந்ததை ஒரு வார்த்தையில் தாண்டிவிடுவேன்.

யோசேப்பின் கதையும் அப்படித்தான். "நீங்கள் எனக்குத் தீமைசெய்ய நினைத்தீர்கள், தேவனோ அதை நன்மையாக முடியப்பண்ணினார்" என்று சொன்னவன், குழியில் போடப்பட்டு, விற்கப்பட்டு, சிறையில் கிடந்தவன். 17 வயதுப் பையனாக இருந்தவன் எகிப்து ராஜாவான பார்வோன் முன்னால் நிற்கும்போது அவனுக்கு 30 வயது. அவனைக் குழியில் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட அண்ணன்மாருக்கு அந்த வார்த்தையைச் சொல்லும் உரிமை கிடையாது. நான் இத்தனை வருடம் துக்க வீடுகளில் அவர்கள் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டுதான் பேசியிருக்கிறேன். இனி நஷ்டப்பட்ட ஒருவர் அதைத் தன் வாயால் சொன்னால் ஆமென் என்பேன். அதுவரைக்கும் போய் வீடு கழுவிக் கொடுப்பேன். இதைக் கர்த்தருக்கு முன்பாகப் பொருத்தனையாகவே எழுதுகிறேன். என்னிடம் அந்த வசனத்தைக் கேட்டு உள்ளுக்குள் நொந்தவர்கள் இதைப் படித்தால், என்னை மன்னியுங்கள்.

ஒட்டிக்கொண்ட தாள்களை நேற்று ராத்திரி நானே ஈர்க்கை வைத்துப் பிரித்தேன். புலம்பல் மூன்றாம் அதிகாரம். "அவர் மனப்பூர்வமாய் மனுபுத்திரரைச் சிறுமையாக்கிச் சஞ்சலப்படுத்துகிறதில்லை" என்று ஓரிடத்தில் இருக்கிறது. ஐந்து வசனம் தள்ளி, "உன்னதமானவருடைய வாயிலிருந்து தீமையும் நன்மையும் புறப்படுகிறதில்லையோ?" என்று இருக்கிறது. முதலாவதற்கு அடியில் அம்மா எப்போதோ கோடு போட்டிருக்கிறார்கள். இரண்டாவதற்குக் கோடு இல்லை. இரண்டையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பென்சிலை எடு" என்றார்கள்.

அண்ணாச்சிக்குப் புது வண்டி செய்ய வாலிபர் சங்கத்தார் தச்சரிடம் சொல்லியிருக்கிறார்கள். பலகை எங்கள் வீட்டுப் பழைய கதவு. சக்கரத்துக்கு யாராவது உதவ முடிந்தால் சொல்லுங்கள். சபையின் அசன விருந்துக்கு அவர் குடும்பத்தோடு வருவதாக ஒத்துக்கொண்டிருக்கிறார். அந்தப் பிள்ளை அம்மாவுக்குப் பக்கத்தில்தான் உட்கார வேண்டும் என்று இப்போதே உத்தரவு.

அப்புறம், எங்கள் வீட்டில் வேலை செய்துவிட்டுப் போனவர்களில் யாரோ ஒரு நீல டார்ச் லைட்டையும், மூடியில்லாத ஒரு எவர்சில்வர் தூக்குவாளியையும் விட்டுப் போயிருக்கிறீர்கள். கழுவித் துடைத்துத் திண்ணையில் வைத்திருக்கிறேன். வந்து எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு வாய் காப்பி குடித்துவிட்டுப் போகலாம்.