2024–25ஆம் ஆண்டுச் செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, சங்க உறுப்பினர்களே, வணக்கம்.

புதுச்சேரியில் இயங்கும் நமது கணினிப் பயனர் சங்கத்தின் ஓராண்டு நடவடிக்கைகளைப் பொதுக்குழுவின் பார்வைக்கு வைக்கிறேன்.

மாதக் கூட்டங்கள் லாஸ்பேட்டை அறையில் வழக்கம்போல் நடைபெற்றன. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததால், மறுநாள் ஞாயிற்றுக்கிழமை நடக்கவிருந்த கூட்டம் கைவிடப்பட்டது. ஆயுத பூஜை கொண்டாடப்பட்டது. மாணவர்களுக்கு ஒருநாள் லினக்ஸ் வகுப்பு நடத்தப்பட்டது.

இவ்வாண்டின் முதன்மைப் பணி, உறுப்பினர்களின் இணையதளங்களுக்குப் பாதுகாப்புச் சோதனை செய்து கொடுத்தது. செயற்குழுவில் இதைப் பற்றிக் கேள்விகள் எழுந்ததால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். சோதனையின் முதல் படி தகவல் திரட்டல். சப்ஃபைண்டர், அமாஸ் போன்ற தானியங்கிக் கருவிகள், தளத்தின் சர்வரைத் தொடாமலேயே, பொதுவில் உள்ள பதிவுகளிலிருந்து ஒரு டொமைனின் (தளத்தின் இணைய முகவரிப் பெயர்) கீழ் உள்ள துணைப் பெயர்களைத் திரட்டித் தருகின்றன. அப்பதிவுகளுள் முக்கியமானது, தளங்களுக்கு வழங்கப்படும் பாதுகாப்புச் சான்றிதழ்களைப் பட்டியலிடும் சான்றிதழ்ப் பதிவேடு. 2018 ஏப்ரல் 30க்குப் பின் வழங்கப்பட்ட எச்டிடிபிஎஸ் சான்றிதழ் பொதுப் பதிவேட்டில் ஏறியிருக்காவிட்டால் குரோம் உலாவி அதை ஏற்பதில்லை. ஆகவே, யாரிடமும் சொல்லாமல் அமைத்த தளத்தின் பெயரும் அங்கே எவர் கண்ணிலும் படலாம்.

நேரு வீதியில் துணிக்கடை நடத்தும் நம் உறுப்பினர், "எனக்கு ஒரே தளம்தான் சார்" என்று உறுதியாகச் சொன்னார். கருவி தந்த பட்டியலில் 'டெஸ்ட்' என்று தொடங்கும் பெயர் ஒன்று இருந்தது. முன்பு அவரிடம் வேலை பார்த்த தம்பி, தீபாவளி விற்பனைக்காகப் போட்டுப் பார்த்துவிட்டு அப்படியே விட்டுச் சென்ற தளம் அது. உலாவியில் திறந்ததும் கோப்புகளின் பட்டியல் விரிந்தது. வாடிக்கையாளர்களின் பெயரும் கைப்பேசி எண்ணும் அடங்கிய தரவுத்தளப் படி ஒன்று, கடவுச்சொல்கூட இல்லாமல் அதில் கிடந்தது. அன்று மாலையே அவர் அதை நீக்கினார். இந்த ஒன்றுக்காகவே இத்திட்டம் தகும் என்று கருதுகிறேன்.

ஆனால் கருவி தருவது பட்டியல் மட்டுமே. டிஎன்எஸ் என்னும் இணையப் பெயர்ப் பதிவில் எல்லாத் துணைப் பெயர்களுக்கும் பொதுவான ஒரு பதிவை (வைல்டுகார்டு) வைத்திருக்கும் டொமைனில், ஊகித்துக் கேட்கும் எந்தப் பெயருக்கும் 'உண்டு' என்றே பதில் வரும். சர்வரின் திறந்த வாயில்களை (போர்ட்) தேடும் என்மேப் கருவி வழக்கமாகப் பார்ப்பது 65,535 டிசிபி போர்ட்டுகளில் அதிகம் பயன்படும் 1,000ஐத்தான். அதில் எதுவும் திறந்திருக்கவில்லை என்பதற்காகத் தளம் பத்திரம் என்று எழுதிக்கொடுக்க முடியாது. ஆள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும். இதற்குப் பெயர் கொடுத்த எட்டுப் பேரில் தொடர்ந்து வந்தவர்கள் மூவர். மற்றவர்களுக்கு வேலை நெருக்கடி இருப்பதை அறிவேன்; வர இயலாது என்று முந்தைய நாளே ஒரு வரி தெரிவித்திருந்தால், வந்தவர்கள் இரவு பத்து மணி வரை காத்திருந்திருக்க வேண்டியதில்லை.

சோதனைக்கு முன் தள உரிமையாளரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் கேட்டதைச் சிலர் குறையாகச் சொன்னார்கள். ஓர் உறுப்பினர், நல்லெண்ணத்தில்தான், ஒப்புதல் தராத ஒரு தளத்தின் மீது சங்கத்தின் வாடகை சர்வரிலிருந்து வேகக் கட்டுப்பாடு இல்லாமல் ஸ்கேன் ஓட்டினார். புகார் சென்று, நமது சர்வர் இரண்டு நாள் முடக்கப்பட்டது. உரிமையாளரின் அனுமதியின்றிக் கணினியை அணுகுவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 43ஆம் பிரிவின்படி இழப்பீட்டுக்கு உரியது. மோசடி நோக்கம் இருந்தால் 66ஆம் பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை. படிவம் கேட்டது யாரையும் சந்தேகித்து அல்ல.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சந்தா வரவு எதிர்பார்த்ததைவிடக் குறைவு. அறை வாடகை போகக் கையிருப்பு சொற்பமே. கடைசி இரண்டு மாத சர்வர் கட்டணத்தை நான் கையிலிருந்து செலுத்தியிருக்கிறேன். அது இன்னும் கணக்கில் ஏறவில்லை.

அறை தந்த உரிமையாளருக்கும், தலைவர், பொருளாளருக்கும், தவறாமல் வந்த அந்த மூவருக்கும் நன்றி.

தளங்களில் புதிய பெயர்கள் சேர்ந்துகொண்டே இருப்பதால் வரும் ஆண்டு பட்டியலை மறுபடி எடுக்க வேண்டும். கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து வரும் உறுப்பினர்களும் தங்கள் தளங்களைப் பார்த்துத் தரக் கேட்டிருக்கிறார்கள். இருக்கும் ஆட்களைக் கொண்டு அவர்களுக்குத் தேதி சொல்ல என்னால் இயலவில்லை. ஒப்புதல் படிவங்களும் சந்தா ரசீதுப் புத்தகமும் வாசலருகே மேசையில் உள்ளன. கூட்டம் முடிந்த பின் ஒரு மணி நேரம் நான் அங்கேயே இருப்பேன்.

இங்ஙனம்,
செயலாளர்
புதுச்சேரி