2ஜியை அணைக்கும் முன் முக்கூடல் பக்கம் ஒரு தடவை வாருங்கள்

இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தாருக்கு,

வணக்கம். திருநெல்வேலி மாவட்டம் முக்கூடல் பக்கத்தில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன், 2005-லிருந்து. பழைய பட்டன் போன்கள் ஓடுகிற 2ஜி நெட்வொர்க்கை மூட வேண்டும் என்று பேச்சு அடிபடுகிறது, அதைப் பற்றித்தான் இந்த மடல். உங்களுக்கு எழுதுவதென்றால் ஆங்கிலத்தில் எழுதி மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொன்னார்கள். நான் தமிழிலேயே, எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி எழுதுகிறேன். இதில் நான் யாரைப் பற்றிச் சொல்லப்போகிறேனோ அவர்களுக்கு யாராவது இதைப் படித்தாவது காட்ட வேண்டும்.

போன வாரம் ஒரு ஆச்சி கடைக்கு வந்தார். பீடி சுற்றுகிறவர், எழுபது வயதுக்கு மேலே இருக்கும். மஞ்சப்பைக்குள் ஒரு பிளாஸ்டிக் கவர், கவருக்குள் ரப்பர் பேண்டு போட்ட ஒரு நோக்கியா 1100. "தம்பி, நாலாம் நம்பரு அமுங்க மாட்டேங்கு, கொஞ்சம் பாத்துச் செய்யி" என்றார். பின்மூடியைத் தள்ளி, பேட்டரியை எடுத்து, ஸ்டார் ஸ்க்ரூக்களைக் கழற்றிப் பார்த்தேன். அந்த மாடலில் பட்டன் எல்லாம் ஒரே ரப்பர் விரிப்பு, தூசி உள்ளே போகக் கூடாது என்றே அப்படிச் செய்தார்கள். விரிப்பின் ஓரம் முழுக்கப் புகையிலைத் தூள் பழுப்பாகக் கோடு கட்டி நின்றது, உள்ளே ஒரு துகள் இல்லை. நான்காம் எண்ணுக்குக் கீழே இருக்கிற சின்னத் தகடு மட்டும் அமுங்கி அமுங்கித் துள்ளல் போய்க் கிடந்தது. செத்த போர்டு ஒன்றிலிருந்து அந்தத் தகட்டை உரித்து ஒட்டிக் கொடுத்தேன், இருபது நிமிஷ வேலை.

ஏன் அந்தப் பட்டன் மட்டும் அப்படித் தேய்ந்தது என்று கேட்டேன். 2-ஐ அழுத்திப் பிடித்தால் திருப்பூரில் இருக்கிற மகன், 3 என்றால் சங்கரன்கோவிலில் மூத்த மகள், 4 என்றால் மும்பை தாராவியில் கட்டிக் கொடுத்த இளைய மகள். ஆச்சிக்கு ஒரு கண்ணில் புரை. எண்ணைப் பார்த்து அழுத்துவதில்லை. 5-இன் மேல் ஒரு சின்னப் புள்ளி மேடாக இருக்கும் பாருங்கள், கட்டை விரலால் அதைத் தடவி, அதிலிருந்து இடப்பக்கம் ஒரு பட்டன் தள்ளினால் மகள். நாலு நாளாக மகளோடு பேச முடியாமல் அந்தம்மா சோறே சரியாகச் சாப்பிடவில்லை.

பேரன் ஒரு டச் போன் வாங்கிக் கொடுத்தானாம். இலையும் தூளும் பட்டுப் பட்டு ரேகை தேய்ந்த விரல் அது, ரேஷன் கடை மெஷினிலேயே நாலு தடவை வைத்தால்தான் எடுக்கும். கால் வந்தால் பச்சை வட்டத்தை மேலே இழுக்க வேண்டும், ஆச்சி அதை அழுத்துகிறார், அழுத்திக்கொண்டே இருக்கிறார், மணி அடித்து ஓய்ந்துவிடுகிறது. இரண்டே மாதத்தில் அதைப் பேரனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். காசை எண்ணிக் கொடுத்துவிட்டுப் போகும்போது திரும்பி நின்று கேட்டார்: "இந்தப் போனுக்கு இனிமே சிம்மு நிக்கப் போவுதாம்லா, டவுனுல சொன்னாவ, நெசமா தம்பி?" எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அதனால்தான் இந்த மடல்.

நோக்கியா 1100 வந்தது 2003-இல். உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்றது. தலையில் ஒரு டார்ச், நாலைந்து நாள் நிற்கிற பேட்டரி, கீழே போட்டால் மூன்று துண்டாகச் சிதறும், பொறுக்கிச் சேர்த்துப் போட்டால் மறுபடி பேசும். ஸ்ரீபெரும்புதூர் ஆலை 2006-இல் தொடங்கியபோது நம் தமிழ்நாட்டிலேயே நோக்கியா செய்கிறார்கள் என்று எங்களுக்கெல்லாம் அவ்வளவு பெருமை. 2014 நவம்பரில் அதை மூடினார்கள். அன்றைக்குக் கடையில் உட்கார்ந்திருந்த எல்லாரும் அதைப் பற்றியே பேசினோம், சொந்தக்காரர் வீட்டில் துக்கம் விழுந்த மாதிரி இருந்தது. ஆலை போனாலும் 1100-க்குள் இருந்த அந்த பிஎல்-5சி பேட்டரி இன்னும் போகவில்லை. இன்றைக்கும் வருகிற சின்ன ரேடியோ, சாமி பாட்டுப் பெட்டி, புதுப் பட்டன் போன் என்று எதைத் திறந்தாலும் அதே அளவில் ஒன்று உள்ளே உட்கார்ந்திருக்கிறது.

என் கடையில் ஒரு டிராயர் இருக்கிறது. வாங்கிப் போக ஆள் வராத போன்கள், பரிசாகக் கொடுத்துவிட்டுப் போன போன்கள் எல்லாம் அதில் கிடக்கின்றன. 2014 ஆகஸ்டில் 1,999 ரூபாய்க்கு இன்டெக்ஸ் விட்ட, மொசில்லாவின் ஃபயர்பாக்ஸ் இயங்குதளத்தில் ஓடுகிற போன் ஒன்று. 2015 ஜனவரியில் 5,700 ரூபாய்க்கு வந்த சாம்சங் இசட்1, உள்ளே ஆண்ட்ராய்டுக்குப் பதில் டைசன் என்கிற இயங்குதளம். இரண்டு லூமியா, விண்டோஸ் போன். அந்தக் கட்டம் கட்டமான திரையை எனக்கு அவ்வளவு பிடிக்கும், எழுத்து பெரிதாக இருக்கும், குறைந்த ராமிலும் வழுக்கிக்கொண்டு ஓடும். ஒரு பிளாக்பெர்ரி. நாலைந்து ஜியோ போன், 2017-இல் 1,500 ரூபாய் டெபாசிட் கட்டி ஊரே வரிசையில் நின்று வாங்கியது. மொசில்லா கைவிட்ட ஃபயர்பாக்ஸ் நிரலிலிருந்து வளர்ந்த கையோஸ் என்கிற இயங்குதளம்தான் அதில் ஓடியது.

போன தீபாவளிக்கு முன் கடையைக் கழுவும்போது இவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பவர் சப்ளையில் மாட்டிப் பார்த்தேன். பாதிக்கு மேல் உயிரோடு இருக்கின்றன. திரை எரிகிறது, ஸ்பீக்கர் பாடுகிறது, மைக் எடுக்கிறது. பிறகு ஏன் டிராயருக்கு வந்தன? நோக்கியாவின் பழைய சிம்பியன் போன்களில் வாட்ஸ்அப் 2017 ஜூனோடு நின்றது. பழைய பிளாக்பெர்ரியில் அதே வருஷக் கடைசியில். விண்டோஸ் போனில் 2019 டிசம்பர் கடைசியில். கையோஸில் 2025 தொடக்கத்தில். ஜியோ போனில் வாட்ஸ்அப் நின்ற வாரம் கடைக்கு வந்த ஒரு கொத்தனார் அண்ணாச்சி, போன் கெட்டுவிட்டது என்று நினைத்து "டிஸ்பிளே மாத்தினா சரியாவுமா?" என்று கேட்டார். போன் நன்றாகத்தான் இருக்கிறது அண்ணாச்சி, எங்கேயோ ஒரு அறையில் உட்கார்ந்து முடிவு எடுத்துவிட்டார்கள் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

இப்போது 2ஜி விஷயத்தில் அந்த அறை உங்களுடைய அறைதான் என்று நினைக்கிறேன். 2024 ஜனவரியில் உங்கள் 5ஜி கலந்தாய்வுக்குப் பதில் எழுதிய ரிலையன்ஸ் ஜியோ, 2ஜி 3ஜி இரண்டையும் முழுசாக மூடுவதற்கு அரசு ஒரு கொள்கை வகுக்க வேண்டும் என்று கேட்டது. அவர்கள் சொல்கிற காரணத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அலைக்கற்றை விலை உயர்ந்த சரக்கு, அதே அலைவரிசையில் 4ஜி வைத்தால் இன்னும் எத்தனையோ பேர் பேசலாம், பேச்சை யாரும் ஒட்டுக்கேட்காமல் காக்க 2ஜியில் இருக்கிற பூட்டும் பலவீனமான பூட்டுதான். ஆனால் ஏர்டெல் 2020-லேயே 3ஜியை மூடிவிட்டு 2ஜியை மட்டும் விடாமல் வைத்துக்கொண்டதே, ஏன்? அதில் ஆட்கள் இருக்கிறார்கள். கோடிக்கணக்கில் இருக்கிறார்கள்.

ஆட்கள் மட்டுமில்லை, கிணறும் இருக்கிறது. பாப்பாக்குடி, சேரன்மகாதேவி, களக்காடு பக்கம் வாழைக்கும் நெல்லுக்கும் தண்ணீர் பாய்ச்சுகிறவர்கள் மோட்டார் ரூமில் மொபைல் ஸ்டார்ட்டர் மாட்டியிருக்கிறார்கள். அதற்குள் ஒரு சிம். வீட்டிலிருந்து கால் அடித்தால் கரண்ட் இருக்கிறதா என்று சொல்லும், மோட்டாரைப் போடும், நிறுத்தும். ரிப்பேருக்கு என்னிடம் வந்த பெட்டிகளில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் டவரோடு பேசுவதற்கு 2ஜி மோடம்தான். இது வருவதற்கு முன்னால் மும்முனைக் கரண்ட் ராத்திரி ஒரு மணிக்கு வந்தால் ஒரு மணிக்கே எழுந்து போக வேண்டும், அந்த 1100-இன் டார்ச்சை வரப்பில் அடித்துக்கொண்டு, விரியன் கிடக்கிறதா என்று பார்த்துப் பார்த்துக் கால் வைக்க வேண்டும். என் அப்பா அப்படித்தான் போவார். இந்தப் பெட்டிகளில் எத்தனை 2ஜி சிம் ஓடுகின்றன என்று யாராவது கணக்கு எடுத்திருக்கிறார்களா? மூடுவதற்கு முன் அந்தக் கணக்கையாவது எடுங்கள்.

அப்புறம் 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய அந்த இரண்டு நாள். தாமிரபரணி கரை தெரியாமல் ஓடியது, நெல்லை ஜங்ஷனுக்குள் வெள்ளம் புகுந்தது. எங்கள் தெருவில் மூன்று நாள் கரண்ட் இல்லை. டச் போன் எல்லாம் முதல் நாள் ராத்திரியே அணைந்துவிட்டது, என்னுடையதும்தான். எதிர்வீட்டுத் தாத்தாவிடம் ஒரு பட்டன் போன், எஃப்.எம். உள்ளது. ஹெட்செட் வயரைச் செருகி, லவுட் ஸ்பீக்கரில் போட்டுத் திண்ணையில் வைத்தார். பன்னிரண்டு பேர் சுற்றி நின்று பாபநாசம், மணிமுத்தாறு அணைகளில் எவ்வளவு தண்ணீர் திறக்கிறார்கள் என்று அதில்தான் கேட்டோம். இரண்டாம் நாள் சாயங்காலம் டவர் ஒரு கோடு வந்தது. சென்னை, திருப்பூர், துபாய் என்று அந்த ஒரு போனிலிருந்து தெருவே பேசியது, ஆளுக்கு ஒரு நிமிஷம்தான். கடைசி ஆள் பேசி முடித்தபோதும் பேட்டரியில் இரண்டு கோடு மிச்சம் இருந்தது.

இதற்கு எட்டு மாதம் முன்னால், 2023 ஏப்ரலில், போனில் எஃப்.எம். வசதி இருந்தால் அதை முடக்கி வைக்காதீர்கள், பேரிடர் நேரத்தில் உதவும் என்று மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் போன் செய்கிற கம்பெனிகளுக்கு அறிவுரை அனுப்பியது. அறிவுரைதான், சட்டம் இல்லை. இப்போது கடைக்கு வருகிற டச் போன்களில் பலவற்றில் எஃப்.எம். இல்லை, ஹெட்செட் ஓட்டையும் இல்லை. அது வேறு அமைச்சகம் என்று எனக்குத் தெரியும். நீங்கள் ஒரு வார்த்தை எழுதினால் அதற்கு மதிப்பு இருக்கும்.

உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டியதும் உண்டு. ஒரு காலத்தில் லைஃப்டைம் சிம் என்று ஒன்று இருந்தது, ஒரு தடவை பணம் கட்டினால் வருகிற காலுக்குக் காசே கிடையாது. 2018 கடைசியில் அது போய், 28 நாளுக்கு ஒரு தடவை போட்டால்தான் மகள் கூப்பிட்டாலும் மணி அடிக்கும் என்று ஆனது. 2024 டிசம்பரில் நீங்கள் போட்ட உத்தரவால் நெட் இல்லாமல் பேச்சுக்கும் மெசேஜுக்கும் மட்டும் பேக் வந்தது. அதை ஆச்சிமார்களுக்கு எடுத்துச் சொல்லிச் சொல்லிப் போட்டுவிடுகிறேன். ஆனால் வந்தவை பெரும்பாலும் 84 நாள், ஒரு வருஷம் என்று, 450 ரூபாய்க்குக் கிட்டேயும் அதற்கு மேலேயும். வாராவாரம் கூலி வாங்குகிறவர்களிடம் அவ்வளவு பணம் மொத்தமாக இருக்காது. முப்பது நாளுக்குப் பேச மட்டும், ஒரு சின்னத் தொகையில், ஒவ்வொரு கம்பெனியும் கட்டாயம் வைக்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

2ஜியைக் கடைசி வரைக்கும் வைத்திருங்கள் என்று நான் கேட்கவில்லை. ஒரு நாள் போகத்தான் செய்யும். 4ஜியிலும் பட்டன் போன் உண்டு, 2023-இல் 999 ரூபாய்க்கு ஜியோ பாரத் வந்தது, ஆனால் அதில் அந்தக் கம்பெனி சிம் மட்டும்தான் எடுக்கும். எந்த சிம்மும் எடுக்கிற, 5-இல் புள்ளி உள்ள, நாலு நாள் சார்ஜ் நிற்கிற, பேட்டரியைக் கையால் கழற்றுகிற ஒரு 4ஜி பட்டன் போன் எல்லா ஊர்ச் சந்தையிலும் கிடைக்கட்டும். பழையதைக் கொடுத்துப் புதியதை வாங்கிக்கொள்ள வழி செய்யுங்கள், ஸ்டார்ட்டர் பெட்டிக்கும் அதே மாதிரி. அதற்குப் பிறகு மூடுகிற தேதியைச் சொல்லுங்கள். ரிசர்வ் வங்கி 2022 மார்ச்சில் பட்டன் போனுக்கென்றே, நெட் இல்லாமல் பணம் அனுப்புகிற யுபிஐ 123பே கொண்டுவரவில்லையா, மனசு வைத்தால் முடிகிறது.

நீங்கள் எந்த முடிவுக்கு முன்னாலும் கலந்தாய்வுக் கட்டுரை வெளியிட்டுக் கருத்துக் கேட்கிறீர்கள், கூட்டமும் போடுகிறீர்கள். 2ஜி பற்றி அப்படி ஒன்று வரும்போது கட்டுரையைத் தமிழிலும் கொடுங்கள். கூட்டத்தைப் பாளையங்கோட்டையில் ஏதாவது ஒரு மண்டபத்தில் ஒரு தடவை வையுங்கள். அன்றைக்குக் கடையைப் பூட்டிவிட்டு ஆச்சியையும் எதிர்வீட்டுத் தாத்தாவையும் பஸ் ஏற்றிக் கூட்டிவருவது என் பொறுப்பு. அந்த டிராயரையும் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
முக்கூடல் பக்கத்து செல்போன் சர்வீஸ் கடைக்காரர்