வெள்ளிக்கிழமை இரவு புறப்படாதே

அன்புள்ள தம்பிக்கு,

வெள்ளிக்கிழமை வேலை முடிந்த கையோடு சட்பரியிலிருந்து புறப்பட்டு, இரவோடு இரவாகப் பொங்கலுக்கு ரொறன்ரோவுக்கு வந்து சேர்ந்துவிடுவதாக நீ சொன்னாய் என்று அக்கா சொன்னாள். என்னிடம் சொல்லாமல் அவளிடம் சொன்னதன் காரணம் எனக்கு விளங்குகிறது. நான் வேண்டாம் என்பேன் என்று உனக்குத் தெரியும். வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். தொலைபேசியில் சொன்னால் "சரி அம்மா, சரி அம்மா" என்று வேறு கதைக்குப் போய்விடுவாய் என்பதால் எழுதுகிறேன்.

இங்கே எல்லாரும் சுகம். மாமி முழங்கால் சத்திரசிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டார். சின்ன மாமாவின் காணி விடயம் அப்படியேதான் கிடக்கிறது. வரும்போது அதை அப்பாவிடம் கேட்காதே. உன் பெயருக்குக் காப்புறுதிக் கம்பனியிலிருந்து தடித்த கடிதம் ஒன்று வந்திருக்கிறது. பிரிக்கவில்லை. போன ஞாயிறு வண்டியில் இருந்தபடி வீடியோவில் கதைத்தாயே, அப்போது உன் தலைக்குப் பின்னால் கறுப்பு சீற் தெரிந்தது. உன் காரின் சீற் சாம்பல் நிறம் என்றுதான் எனக்கு ஞாபகம். வெளிச்சத்தில் அப்படித் தெரிந்திருக்கலாம்.

எந்த வண்டியில் வந்தாலும் முதலில் அதன் ரயரைப் பார். பக்கத்தில் மூன்று சிகரம் உள்ள மலையும் அதற்குள் பனித்துகளும் பொறித்திருக்க வேண்டும். வாடகைக்கு எடுக்கும் கார்களிலும், கராஜில் தற்காலிகமாகத் தரும் கார்களிலும் பெரும்பாலும் எல்லாப் பருவத்துக்குமான ரயர்தான் இருக்கும். வெப்பநிலை 7 பாகைக்குக் கீழே போனால் அந்த ரப்பர் இறுகத் தொடங்கிவிடும், றோட்டைப் பிடிக்காது. விண்டர் ரயர் உள்ள வண்டி வேண்டும் என்று வாய் திறந்து கேள். கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அதைப் போட்டே ஆக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது; ஒன்ராறியோவில் அப்படி இல்லை. ஆகவே உன் பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிறவன் என்ன ரயரோடு வருகிறான் என்று உனக்குத் தெரியாது. நீ நின்றாலும் அவன் நிற்பானா என்பது வேறு கேள்வி.

எனக்குப் பயம் அவனைப் பற்றித்தான். பனி தன் பாட்டில் பெய்யும், தன் பாட்டில் நிற்கும். நீ எத்தனை கிலோமீற்றரில் போக வேண்டும் என்று பனி உனக்குச் சொல்வதில்லை. பின்னால் வருகிறவன் சொல்கிறான். விளக்கை அடித்து அடித்துச் சொல்கிறான். நல்ல பிள்ளைகளும் அந்த நேரம் வெட்கப்பட்டு அவன் சொல்வதைக் கேட்டுவிடுகிறார்கள்.

நான் இந்த ஊரில் பள்ளிக்கூட பஸ் ஓட்டிய காலம் முழுவதும் இதைத்தான் பார்த்தேன். பஸ்ஸின் சிவப்பு விளக்கு மின்னி, பக்கத்தில் நிறுத்தற் பலகையும் விரிந்து, பிள்ளைகள் இறங்கிக்கொண்டிருக்கும்போது கடந்து போகிறவர்கள் இருக்கிறார்கள். முதல் தடவைக்கே 400 டொலருக்குக் குறையாத தண்டமும் ஆறு குற்றப் புள்ளியும் என்று தெரிந்தும் போகிறார்கள். ஆறு வயதுப் பிள்ளைக்காகப் பொறுக்காதவன் உனக்காகப் பொறுப்பான் என்று எதிர்பார்க்காதே. அதே வேளை, கடும் பனி நாட்களில் விடியற்காலையிலேயே "இன்று பஸ்கள் ஓடாது" என்று அறிவித்துவிடுவார்கள். பள்ளிக்கூடம் திறந்திருக்கும், பஸ் மட்டும் ஓடாது. அதை ஒருவரும் கோழைத்தனம் என்று சொன்னதில்லை. நீ மட்டும் சின்னனில், "அம்மா ஓட்டினால் நடந்து போகிறவர்கள் முந்திவிடுவார்கள்" என்று சிநேகிதர்களுக்கு முன்னால் பகிடி பண்ணினாய். அவர்கள் சிரித்ததும் எனக்குக் கேட்டது.

நிலத்துக்குக் கீழே அத்தனை பேருடைய பாதுகாப்பையும் என் மகன்தான் பார்க்கிறான் என்று அப்பா கோயிலில் கண்டவர்களுக்கெல்லாம் சொல்லுகிறார். நான் வெளியே சொல்வதில்லை, ஆனால் எனக்கும் அந்தப் பெருமை உண்டு. சுரங்கத்துக்குள் ஒரு பாறை சரியில்லை என்றால், எவ்வளவு நட்டம் வந்தாலும், யார் அவசரப்படுத்தினாலும், வேலையை நிறுத்து என்று சொல்கிற உனக்கு, மேலே வந்ததும் பின்னால் ஒருவன் ஹோன் அடித்தால் ஏன் காலை அழுத்தத் தோன்றுகிறது? தோன்றுகிறது என்று நான் சொல்லவில்லை. தோன்றினால் என்றுதான் சொல்கிறேன்.

ஷிஃப்ட் மாறும் நேரத்தில் வீட்டுக்குப் பறக்கிற பிக்கப் வண்டிகளைப் பற்றி நீயே ஒருமுறை சொன்னாய். நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி புறப்பட உதவும், பனியில் ஏற உதவும். ஐஸில் நிற்பதற்கு உதவாது. அது தெரியாமல்தான் அவர்கள் அந்த வேகத்தில் வருகிறார்கள். அப்படி ஒருவன் நெருங்கினால், முன்னால் போகிற வண்டிக்கும் உனக்கும் இடையிலுள்ள இடைவெளியை இன்னும் கூட்டு. அப்படிக் கூட்டினால் நீ பிறேக்கைத் திடீரென்று அழுத்த வேண்டி வராது, அவனுக்கும் நிற்க நேரம் கிடைக்கும். அவனுக்குப் பாடம் படிப்பிக்க பிறேக்கைத் தட்டாதே. அவனுடைய விளக்கு கண்ணைக் குத்தினால் நடுக் கண்ணாடியின் கீழேயுள்ள சின்னப் பிடியைத் திருப்பிவிடு. முந்துவதற்கென்று அகலப்படுத்திய இடம் வந்தால், அல்லது பனி அள்ளிய ஒரு பெற்றோல் நிலையம் வந்தால், சிக்னல் போட்டு ஒதுங்கி அவனைப் போகவிடு. றோட்டோரத்தில் மட்டும் ஒதுங்காதே. பனி மூடிய ஓரம் எங்கே முடிகிறது, பள்ளம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது, ஒரு சக்கரம் இறங்கினால் முழு வண்டியையும் இழுத்துவிடும். அது உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மெதுவாகப் போவது குற்றம் என்று யாராவது சொன்னால், ஒன்ராறியோ நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 132ஆம் பிரிவைப் பார்க்கச் சொல். காரணமின்றி மெதுவாகப் போய் மறிக்கக்கூடாது என்று சொல்கிற அதே பிரிவு, பாதுகாப்புக்கு அந்த வேகம் தேவையென்றால் குற்றமில்லை என்றும் சொல்கிறது. 90 என்று பலகையில் இருப்பது காய்ந்த றோட்டுக்கு.

69ஆம் நெடுஞ்சாலையில் இன்னும் இருவழிப் பாதையாக இருக்கிற பகுதிதான் எனக்கு நித்திரையைக் கெடுக்கிறது. பாறையை வெட்டிப் பாதை போட்ட இடங்களில் வெயில் விழாமல் ஐஸ் கிடக்கும். பாலங்களுக்குக் கீழேயும் குளிர்காற்று ஓடுவதால் அவை றோட்டுக்கு முன்பே உறைந்துவிடும்; பிரெஞ்ச் ஆற்றுப் பாலத்துக்கு முன்பே காலை எடுத்துவிடு. குறூஸ் கொன்ட்ரோலைப் போடவே போடாதே. மைனஸ் 18க்குக் கீழே உப்பு பெரிதாக வேலை செய்யாது. அங்கே மணலைத்தான் தூவுகிறார்கள், மணல் ஐஸைக் கரைக்காது. பூச்சியத்தை ஒட்டிய நாளில் இன்னும் மோசம். ஐஸின் மேல் தண்ணீர் நின்று இன்னும் வழுக்கும். பரி சவுண்ட் ஊரைத் தாண்டிப் பாரி நகருக்கு வரும்வரை ஜோர்ஜியன் விரிகுடாவின் குணத்தை நம்பாதே. உறையாத தண்ணீரின் மேலால் வருகிற குளிர்காற்று ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து ஒரு ஒடுங்கிய பட்டையில் கொட்டும்; இங்கே வெயில் எறிக்கும், ஐந்து நிமிடத்தில் உன் காரின் மூக்கே தெரியாது. அப்படி வந்தால் முன் விளக்கைக் கையால் போடு. பல வண்டிகளில் பகலில் தானாக எரிகிற விளக்கு முன்னால் மட்டும்தான் எரியும், பின்னால் இருட்டு. அவசரக்காரனுக்கு நீ இருப்பதே தெரியாது.

நீல விளக்கு மின்னுகிற பனி தள்ளும் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்வாகப் போனால், அவற்றின் பின்னாலேயே வா. அவற்றுக்கிடையில் புகுந்து முந்துகிறவர்களைப் பார்த்து நீயும் புகாதே. றோட்டிலேயே நல்ல இடம் அவற்றின் பின்னால்தான்.

ஆகவே வெள்ளிக்கிழமை இரவு நித்திரை கொள். சனிக்கிழமை றோட்டு நிலவரம் சொல்கிற 511ஐப் பார்த்து, றோட் திறந்திருந்தால், எட்டு மணியளவில் வெளிச்சம் வந்த பிறகு புறப்படு. திறந்திருக்காவிட்டால் வராதே, பொங்கலை அடுத்த கிழமை வைத்தாலும் சூரியன் கோபிக்க மாட்டார், தை மாதத்தில் ரொறன்ரோவுக்கு அவரே ஒழுங்காக வருவதில்லை. சவள், போர்வை, மெழுகுதிரி, குடிதண்ணீர் வண்டிக்குள் இருக்கட்டும். எங்காவது சிக்கி நின்றால், இயந்திரத்தை ஓட விடுவதற்கு முன் புகைக்குழாயைச் சுற்றியுள்ள பனியை அள்ளு. கண்ணாடி கழுவும் திரவம் மைனஸ் 40 தாங்குவதாகப் பார்த்து ஊற்று. பின் விளக்கு எரிகிறதா என்று இறங்கிப் பார்.

புறப்படும்போது ஒரு குறுஞ்செய்தி போடு, பரி சவுண்டில் நிற்கும்போது இன்னொன்று. ஓடிக்கொண்டிருக்கும்போது நான் அழைத்தால் எடுக்காதே. அழைக்காமல் இருப்பேன் என்று என்னால் சொல்ல முடியாது.

இப்படிக்கு,
அம்மா